பதிவைத் தூக்கிட்டாங்க, கணக்கை முடக்கிட்டாங்க: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, எண்ணூர் பக்கத்திலிருந்து எங்கள் படிப்பகத்துக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் வேலைக்கு மனு எழுதவும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும்தான் வருவார்கள். இப்போது போனை நீட்டி, "இதைப் பாருங்கண்ணா, அக்கவுண்ட்டே போச்சு" என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். வழக்கு என்று போவதாக இருந்தால் வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் நாமே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

நான் ஒண்ணுமே தப்பாப் போடலையே, எதுக்குத் தூக்கினாங்க?

பெரும்பாலும் உங்கள் பதிவை எந்த மனிதரும் பார்த்திருக்க மாட்டார். முதல் சோதனை மென்பொருளின் வேலை. ராயபுரத்தில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் ஒருவர் போட்ட வீடியோவைப் பார்த்தேன். மொட்டை மாடியில் கயிறு கட்டிய ரிங், தலைக்கவசம் போட்ட இரண்டு பையன்கள். ஒருவனுக்கு மூக்கில் லேசாக ரத்தம். மாஸ்டர் ஓடிவந்து துண்டால் துடைக்கிறார், பையன் சிரிக்கிறான். 'வன்முறை' என்று எடுத்துவிட்டார்கள். மென்பொருளுக்குக் குத்தும் ரத்தமும் தெரிந்திருக்கின்றன. தலைக்கவசமும் துண்டும் சிரிப்பும் தெரியவில்லை.

மொழியும் ஒரு காரணம். 2021-இல் வெளியே வந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களின்படி, இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளில் ஐந்துக்குத்தான் அந்த நிறுவனம் தன் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தது. நம் பக்கத்துப் பேச்சைப் புரிந்துகொள்வது அதற்கும் ஒரு படி கடினம். கூடப் பிறந்தவனைப் போலப் பழகுகிறவனைக் கூப்பிடும் அதே சொல், சண்டையில் வசவாகவும் வரும். அந்தத் தொனி தெரியாத மென்பொருள் நட்பைத் தண்டித்து, பகையை விட்டுவிடுகிறது.

தணிக்கைன்னா கவர்ன்மெண்ட் பண்றதுதானே? கம்பெனி எடுத்தா அதுக்குப் பேர் தணிக்கையா?

சட்டப் புத்தகத்தில் தேடினால் அரசு செய்வதுதான் கிடைக்கும். ஆனால் பேசினவனுக்கு நடப்பது ஒன்றுதான்: சொன்னது யாருக்கும் போய்ச் சேரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தபோது, வலையும் படகும் கருத்துப்போனதை நாம் மீனவர்களின் போன் வீடியோக்களில் பார்த்தோம். அந்த வீடியோக்களை ஒரு நிறுவனம் ஏதோ ஒரு விதியைக் காட்டி எடுத்திருந்தால், நமக்கு ஏற்பட்டிருக்கும் நஷ்டம் அரசு எடுத்தால் ஏற்படுவதற்குக் கொஞ்சமும் குறையாது. அதனால் நான் தணிக்கை என்றே சொல்கிறேன்.

யார் எடுத்தாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இது முக்கியமான கேள்வி, ஏனென்றால் யாரிடம் போய்க் கேட்பது என்பதே இதை வைத்துத்தான். 'எங்கள் சமூக விதிகளை மீறியது' என்று வந்தால் நிறுவனத்தின் முடிவு. 'சட்டக் கோரிக்கையின் பேரில் இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்ற மாதிரி வந்தால் அரசோ நீதிமன்றமோ சொல்லி எடுத்தது. அப்படிப்பட்ட பதிவை வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் திறந்தால் பெரும்பாலும் தெரியும். துபாயில் இருக்கும் மாமாவுக்கு லிங்க்கை அனுப்பிப் பாருங்கள்.

அரசு முடக்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69ஏ பிரிவின்படி. 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற 66ஏ பிரிவை ரத்து செய்தது, 69ஏ-யை நிற்க விட்டது. அந்த உத்தரவுகளை ரகசியமாக வைக்க 2009 விதிகளில் இடம் இருப்பதால், காரணம் நமக்கு வந்து சேருவதே அபூர்வம். ஆனாலும் வழி இல்லாமல் போகவில்லை. 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. மார்ச் முதல் வாரத்திலேயே நம் பாரிமுனை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் நிறுவனம் தானாக எடுப்பதைப் பற்றியவை.

அவன் கம்பெனி, அவன் இஷ்டம். ஓசியில யூஸ் பண்றோம், நாம என்ன கேக்க முடியும்?

இந்த வாதத்தைப் படித்தவர்களும் சொல்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. கல்யாண மண்டபம் தனியாருடையதுதான். யாருக்கு வாடகைக்குக் கொடுப்பது என்பது அவர் இஷ்டமாகவே இருக்கட்டும். பந்தி நடக்கும்போது விளக்கை அணைத்து, காரணம் சொல்லாமல் எல்லாரையும் வெளியே போகச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா? அதிலும் ஊரிலிருக்கும் மற்ற மண்டபமெல்லாம் மூடிப்போய் அவருடையது ஒன்றுதான் இருக்கிறது என்றால்? ஓசி என்பதும் சரியில்லை. நம் நேரத்தையும் விவரங்களையும் காட்டி விளம்பரம் பிடித்துத்தான் அவர்கள் சம்பாதிக்கிறார்கள்.

முதலாளியின் இஷ்டம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். ட்விட்டரை 2022 அக்டோபரில் வாங்கிய ஈலான் மஸ்க், பேச்சுச் சுதந்திரத்துக்காகவே வாங்கினேன் என்றார். டிசம்பரிலேயே, அவருடைய விமானம் எங்கே போகிறது என்ற விவகாரத்தைப் பற்றி எழுதிய பல பத்திரிகையாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. கண்டனம் எழுந்த பிறகு பெரும்பாலானவற்றைத் திறந்தார்கள். அடுத்தது 2021 பிப்ரவரி. செய்திக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, ஃபேஸ்புக் ஆஸ்திரேலியாவில் செய்திப் பக்கங்களையெல்லாம் நிறுத்தியது. அதோடு சேர்ந்து அந்த நாட்டு வானிலைத் துறையின் பக்கமும் வெறுமையாகிப் போனது. காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர் காற்று எச்சரிக்கையைப் போனில் பார்த்துத்தான் படகை எடுக்கிறார். எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் வியாபாரச் சண்டை அவர் உயிர் வரைக்கும் வரும் என்றால், 'அவன் இஷ்டம்' என்று எப்படி விடுவது?

பேச்சுரிமை அரசியல் சட்டத்துல இருக்கே, நேரா கோர்ட்டுக்குப் போனா?

19(1)(ஏ) பிரிவு தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசுக்கு எதிரானது. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 19, 21 பிரிவு உரிமைகளை அரசு அல்லாதவர்கள் மீதும் கோரலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. கதவு திறந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் 2025 அக்டோபரில், வாட்ஸ்அப் கணக்கு முடக்கப்பட்ட ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, வாட்ஸ்அப் வைத்திருக்க என்ன அடிப்படை உரிமை என்று நீதிபதிகள் கேட்டார்கள். உள்நாட்டுச் செயலியான அரட்டை இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள் என்றார்கள். மனு திரும்பப் பெறப்பட்டது.

ஆக, அடிப்படை உரிமைக்காக நேராக உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ போடும் ரிட் மனு என்பது இப்போதைக்குக் கடினமான வழி. ஆனால் கையில் ஒரு துருப்பு இருக்கிறது. 2022 அக்டோபரில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியபோது, அரசியல் சட்டத்தின் 14, 19, 21 பிரிவுகள் குடிமக்களுக்குத் தரும் உரிமைகளை இந்த நிறுவனங்கள் மதிக்க வேண்டும் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். புகார் எழுதும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

சரி, மொதல்ல என்ன பண்ணணும்?

ஸ்கிரீன்ஷாட். மற்றதெல்லாம் அப்புறம். வந்த அறிவிப்பு, தேதி, நேரம், பதிவின் லிங்க், அதற்கு வந்த கமெண்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். கோபத்தில் புதுக் கணக்குத் திறந்து அதே வீடியோவை மறுபடி போடாதீர்கள். தடையைத் தாண்டிவர முயன்றதாகச் சொல்லி அதையும் மூடுவார்கள். அடுத்து, அறிவிப்பிலேயே இருக்கும் மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்துங்கள். முடக்கிய கணக்குக்கு மேல்முறையீடு செய்ய ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் 180 நாள் கெடு. அதைத் தாண்டினால் கணக்கு நிரந்தரமாகப் போய்விடும்.

பொத்தானோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அங்கே நிற்கக் கூடாது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள ஒவ்வொரு தளமும் இந்தியாவில் வசிக்கும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று அந்த விதிகள் கெடு வைத்தன. இதில் 4(8) விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நிறுவனம் தானாக ஒரு பதிவை எடுப்பதற்கு முன் காரணத்தோடு தகவல் சொல்ல வேண்டும், மறுத்துப் பேச நியாயமான வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது அது.

புகாரில் கதை வேண்டாம். அந்தக் குத்துச்சண்டை மாஸ்டருக்கு எழுதிக்கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது: "நான் போட்ட பயிற்சி வீடியோ நீக்கப்பட்டது. நீக்கும் முன் எனக்குத் தகவல் வரவில்லை. எந்த விதியின் எந்தப் பகுதியை மீறினேன் என்று சொல்லவில்லை. இது தலைக்கவசத்தோடு, பயிற்சியாளர் முன்னிலையில் நடந்த விளையாட்டு. 2021 விதிகளின் 4(8) விதிப்படி காரணத்தைத் தெரிவித்து, வீடியோவைத் திரும்ப வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து அனுப்பினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அதுக்கும் பதில் வரலைன்னா?

மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. 2022 திருத்தத்தில் வந்தது. மூன்று குழுக்களை 2023 ஜனவரியில் மத்திய அரசு அமைத்தது. குறைதீர் அலுவலரின் முடிவு கிடைத்த 30 நாளுக்குள் அந்தக் குழுவின் இணையதளத்தில் பதிய வேண்டும். குழுவும் 30 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது விதி. குழுவை அரசே நியமிக்கிறது என்பது எனக்கு உறுத்தலான விஷயம். அரசை விமர்சித்த பதிவுக்கு அங்கே எப்படி நியாயம் கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. குத்துச்சண்டை வீடியோ, கானா வீடியோ போன்றவற்றுக்கு அந்தத் தயக்கம் வேண்டாம்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எடுத்த முடிவுகளை மறுபடி விசாரிக்க மேற்பார்வை வாரியம் என்று தனியாக ஒன்று உண்டு. அது எடுத்து விசாரிப்பது மிகச் சில வழக்குகளைத்தான். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

எங்க கானா சேனலுக்கு ஸ்ட்ரைக் மேல ஸ்ட்ரைக். சொந்தப் பாட்டுதாங்க!

வரிகள் சொந்தம், மெட்டு யாருடையது? கானாவில் தெரிந்த சினிமா மெட்டில் புது வரி போட்டுப் பாடுவது காலங்காலமாக இருக்கும் பழக்கம். சாவு வீட்டில் விடிய விடியப் பாடும்போது யாரும் கேட்க மாட்டார்கள். யூடியூபில் ஏற்றினால், இசை உரிமையாளர்கள் கொடுத்திருக்கும் பாட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கன்டென்ட் ஐடி மென்பொருள் பிடித்துவிடும். அப்படிப் பிடிப்பது வெறும் உரிமைக்கோரல். வருமானம் அவர்களுக்குப் போகும், சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்ட்ரைக் என்பது வேறு. உரிமையாளர் வீடியோவையே நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தால் வருவது அது. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலையே மூடலாம்.

மெட்டும் உங்களுடையது, தாளமும் டோலக்கும் நீங்களே வாசித்தது என்றால் பயப்படாமல் எதிர் அறிவிப்பு, அதாவது நீக்கியது தவறு என்று யூடியூபுக்கு முறைப்படி எழுதும் பதில், கொடுங்கள். புகார் கொடுத்தவர் 10 அமெரிக்க வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52(1)(சி) பிரிவிலும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் தளம் அதைத் திரும்பத் திறக்கலாம். பாடி முடித்த அன்றே, பதிவு செய்த மூலக் கோப்பைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். சொந்தப் பாட்டு என்று நிரூபிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

குரூப் அட்மின் என்னைத் தூக்கிட்டாரு. அதுவும் தணிக்கையா?

இல்லை. இன்னொரு குழு நீங்களே தொடங்கலாம். தளத்தின் முதலாளி தூக்கினால் உங்களுக்கு அந்த வழியும் கிடையாது.

எதிர் டீம் ஆளுங்க கும்பலா ரிப்போர்ட் அடிச்சு ஐடியைக் காலி பண்ணிட்டாங்க. இப்படியும் நடக்குமா?

நடக்கிறது. கால்பந்து, கேரம், தேர்தல், காதல் என்று எதிலிருந்தும் இந்தப் பகை கிளம்பும். எத்தனை பேர் ரிப்போர்ட் அடித்தாலும் விதி மீறாத பதிவு போகாது என்றுதான் நிறுவனங்கள் சொல்லும். ஆனால் நிறைய ரிப்போர்ட் வந்தால் பதிவு மறுபடி மறுபடி சோதனைக்குப் போகும், முதல் கேள்வியில் சொன்ன மென்பொருள் ஒருமுறை தடுமாறினால் போதும். எந்தக் குழுவில் "எல்லாரும் அடிங்க" என்று கூப்பிட்டார்களோ அந்த ஸ்கிரீன்ஷாட் கிடைத்தால் புகாரோடு சேருங்கள்.

அக்கவுண்ட் இருக்கு, ஆனா போட்டது யாருக்கும் போகல. ஷேடோ பேன்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம்தான், ஆனால் ரீச் குறைந்ததெல்லாம் அது இல்லை. இன்ஸ்டாகிராமில் அமைப்புகளுக்குள் 'கணக்கு நிலை' என்று ஒரு பக்கம் இருக்கிறது. உங்கள் பதிவுகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்களா இல்லையா என்று அதிலேயே தெரியும். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) நிறுவனம் 2023-இல் இதைக் கொள்கையாகவே அறிவித்தது: பேசலாம், ஆனால் பரவ விடமாட்டோம்.

என் பார்வையில் இது நேரடியாக நீக்குவதைவிட மோசம். நீக்கினால் அறிவிப்பு வரும், சண்டை போடலாம். இங்கே நம் பேச்சில் சுவாரசியம் இல்லையோ என்று நாமே நம்மைச் சந்தேகித்து அடங்கிவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து முழுதாக நடைமுறையில் இருக்கிறது. அதில், பதிவு எத்தனை பேருக்குப் போகிறது என்பதைக் குறைத்தாலும் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். நமக்கும் அந்த உரிமை வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரம் இது.

சாதிப் பேரைச் சொல்லி ஒருத்தன் திட்டினான். அவன் கமெண்ட் அப்படியே இருக்கு, அதை எடுத்துக் காட்டின என் பதிவு போச்சு. இது என்னங்க நியாயம்?

நியாயமே இல்லை. வருகிற புகார்களில் என்னை அதிகம் கொதிக்க வைப்பது இதுதான். மென்பொருள் சொல்லைப் பார்க்கிறது; யார் யாரைச் சொன்னார் என்று பார்ப்பதில்லை. திட்டினவன் எழுத்தைக் கொஞ்சம் மாற்றி, நடுவில் ஒரு புள்ளி வைத்து எழுதியிருப்பான், தப்பித்துவிடுவான். பாதிக்கப்பட்டவர் அந்தச் சொல்லை முழுதாக எழுதி, "என்னை இப்படிச் சொன்னான்" என்பார். மாட்டுவது அவர்.

கண்டிப்பதற்காக மேற்கோள் காட்டுவதைப் பெரும்பாலான தளங்களின் விதிகளே அனுமதிக்கின்றன. அதனால் பதிவின் முதல் வரியிலேயே "இந்தச் சாதி வசவைக் கண்டிக்கிறேன்" என்று எழுதிவிட்டு, அப்புறம் ஸ்கிரீன்ஷாட்டைப் போடுங்கள். மேல்முறையீட்டிலும் அந்த விதியைச் சுட்டுங்கள். திட்டினவனின் கமெண்ட்டைத் தனியாகப் புகார் செய்யுங்கள். தளம் எடுக்காவிட்டாலும் சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இணையத்தில் நடக்கும் இழிவுக்கும் பொருந்தும் என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போகும் முன் லிங்க், தேதி, அவன் கணக்கின் முழு விவரம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

நவம்பர் மாசம் பிரபாகரன் படம் போட்டா மட்டும் ஏன் உடனே போகுது? இங்க செவுரெல்லாம் போஸ்டர் ஒட்டுறாங்களே?

விடுதலைப் புலிகள் இயக்கத்தை இந்தியா 1992-இல் தடை செய்தது, அமெரிக்கா 1997-இல் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. ஃபேஸ்புக்கின் 'ஆபத்தான அமைப்புகள், தனிநபர்கள்' கொள்கை அமெரிக்கப் பட்டியலை ஒட்டி நடக்கிறது. படத்தையே அடையாளம் கண்டு எடுக்கும் மென்பொருளுக்கு அது அஞ்சலியா, வரலாற்றுக் கட்டுரையா, விமர்சனமா என்பது தெரியாது. பர்மா, இலங்கை என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து வாழும் வடசென்னையில், போரில் இறந்த சொந்தக்காரரை நினைத்து ஏற்றிய விளக்கின் படம்கூட இதில் சிக்கிக்கொள்ளலாம்.

செய்தியாகவும் நடுநிலையாகவும் பேசுவதை அந்தக் கொள்கை அனுமதிக்கிறது. எனவே படத்தை மட்டும் போடாமல், எதற்காகப் போடுகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒரு அமைப்பைப் பற்றித் தமிழர்கள் என்ன பேசலாம் என்பதை அமெரிக்கப் பட்டியலைப் பார்த்து ஒரு நிறுவனம் முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அரசியல் எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம்.

அப்போ எதையுமே எடுக்கக் கூடாதுன்றீங்களா?

இல்லவே இல்லை. பெண்களின் அந்தரங்கப் படம், குழந்தைகளைத் தவறாகக் காட்டுவது, கொலை மிரட்டல், பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிட்டான் என்று ஆளை அடித்துக் கொல்ல வைக்கும் வதந்தி, இவையெல்லாம் நிற்கவே கூடாது. அந்தரங்கப் படத்தைப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொன்னபோது நான் மகிழ்ந்தேன்.

எடுப்பதற்கு முறை வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. எந்த விதி என்று சொல்லணும், நம் பக்கத்தைக் கேட்கணும், தமிழ் தெரிந்த ஒரு மனிதர் பார்க்கணும். டிரம்ப்பை 2021 ஜனவரியில் ஃபேஸ்புக் முடக்கியதைப் பற்றி அதன் மேற்பார்வை வாரியமே மே மாதம் சொன்னதைப் பாருங்கள்: முடக்கியது சரி, ஆனால் எத்தனை நாள், எந்த அளவுகோலில் என்று சொல்லாமல் காலவரையின்றி வைத்தது தவறு. ஒரு நாட்டின் அதிபருக்குக் கிடைத்த அந்த நியாயம் கொருக்குப்பேட்டைப் பையனுக்கும் கிடைக்க வேண்டும்.

ஐயாயிரம் குடுத்தா ஐடியை மீட்டுத் தர்றேன்னு டெலிகிராம்ல ஒருத்தர் சொல்றாரு.

கொடுக்காதீர்கள். பணமும் போகும், பாஸ்வேர்டும் போகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பேசாம வேற ஆப்புக்குப் போயிட்டா?

போகலாம், அங்கேயும் ஒரு முதலாளி இருப்பார். மாஸ்டடான் மாதிரி ஒரே முதலாளி இல்லாத ஏற்பாடுகளும் உண்டு. ஆனால் உங்கள் மீன் வாங்குகிறவர்களும் உங்கள் கானாவைக் கேட்கிறவர்களும் அங்கே இல்லையே. அதனால் இருக்கும் இடத்தில் இருந்துகொண்டே இரண்டு வேலை செய்யுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் எல்லாவற்றிலும் உங்கள் தகவல்களை மொத்தமாகப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை எடுத்து ஒரு பென்டிரைவில் போடுங்கள். அப்புறம், முக்கியமான வாடிக்கையாளர்கள், ரசிகர்களின் போன் எண்களைக் கேட்டு வாங்கி நோட்டில் எழுதுங்கள். கணக்கு முடக்கப்பட்ட பிறகு இவற்றைத் தேடினால் கிடைக்காது.